கட்-ஆஃப் கேட்டுக் கலங்காதீர்! கணக்குப் போட்டுப் பாருங்கள்!



ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த இரண்டாம் நாள். கடைத்தெரு டீக்கடை.

"உங்க மகன் எவ்வளவு பாய்?"

"கட்-ஆஃப் 185 வருதுன்னு சொல்றான்."

"அப்படியா? அண்ணா யுனிவர்சிட்டியெல்லாம் 199, 200க்குத்தான் பாய். அதை மறந்துடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. இப்பவே அட்வான்ஸ் போட்டா நல்ல காலேஜ்ல சீட்டு பிடிச்சுத் தர்றாரு."

முடிந்தது! ஒரு பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகள் படித்த படிப்பின் பலன், ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் நேரத்தில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் தரவரிசைப் பட்டியலைப் பார்த்தவர் இல்லை. இடஒதுக்கீட்டு விதியைப் படித்தவரும் இல்லை. கேட்டுக்கொண்டவரோ, ஒரு மூட்டை மல்லி வாங்குவதாக இருந்தால் நான்கு மண்டிக்குப் போன் போட்டு விலை விசாரிக்கிற வியாபாரி!

மல்லிக்கு நான்கு விசாரணை. மகனுடைய எதிர்காலத்துக்கு ஒரு டீக்கடைப் பேச்சா? சிந்திக்க வேண்டாமா?

எங்கள் ஊரில் இப்படித்தான் நடந்தது. ரிசல்ட் வந்த வாரமே ஒரு சகோதரர் ஏஜெண்டிடம் பணம் கட்டினார். மகனை விண்ணப்பிக்கவும் விடவில்லை. ஆகஸ்டில் கலந்தாய்வு முடிந்தது. அவனைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த பக்கத்துத் தெருப் பிள்ளை, அதே சமுதாயப் பிரிவில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே இடம் வாங்கிவிட்டான். அந்தத் தகப்பனார் என்னிடம் வந்து, "நமக்குக் கிடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்களே!" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? எல்லாரும் சொன்னார்கள். யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளையை வைத்துக்கொண்டு, கையில் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

எது அண்ணா பல்கலைக்கழகம்?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "எங்கள் காலேஜும் அண்ணா யுனிவர்சிட்டிதான்" என்று தனியார் கல்லூரிக்காரர் சொல்வார். அது பாதி உண்மை. பட்டம் தருவது பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது அவர்!

அண்ணா பல்கலைக்கழகம் 1978ல் உருவானது. 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, 1944ல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949ல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., இவற்றோடு கட்டடக்கலைப் பள்ளி, இந்த நான்கையும் இணைத்து உருவாக்கினார்கள். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரி எண் 1 கிண்டி வளாகம், 2 அழகப்பா வளாகம், 4 எம்.ஐ.டி. வளாகம். நாடெங்கும் உள்ள பிள்ளைகளோடு போட்டிபோடும் தரம் இங்கே உண்டு. கட்டணமோ அரசுக் கட்டணம்.

இவை தவிர பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் உண்டு. இராமநாதபுரம், பட்டுக்கோட்டை, திருக்குவளை, பண்ருட்டி, நாகர்கோவில், தூத்துக்குடி, திண்டுக்கல், ஆரணி என்று நம் மக்கள் வாழும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கோவை, மதுரை, திருநெல்வேலியில் மண்டல வளாகங்கள் உள்ளன. "கிண்டி கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லை" என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முதல் கணக்கு: மதிப்பெண்

1984ல் தொடங்கிய நுழைவுத் தேர்வு, 2006ல் இயற்றப்பட்ட சட்டத்தால் 2007 சேர்க்கை முதல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் பொறியியலுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அளவுகோல்.

கணிதம் 100க்கு அப்படியே; இயற்பியல் 100ல் பாதி; வேதியியல் 100ல் பாதி. மொத்தம் 200. கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 88 என்றால், 96 கூட்டல் 45 கூட்டல் 44, ஆக 185. இவ்வளவுதான்!

இந்தக் கணக்கில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது, தம்பி! கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் முழுசாக ஒன்று கூடும். இயற்பியலில் ஒன்று கூடினால் அரைதான் கூடும். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால், முதலில் பார்க்கப்படுவதும் கணித மதிப்பெண்ணே. அதற்குப் பின்தான் இயற்பியல். இப்போது ப்ளஸ் டூ படிக்கிறவன் எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் தர வேண்டும் என்று இனி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு மார்க் கூட்டிப் போடுவார்களாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி இனாமாக எதுவும் இல்லை. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100 என்றும், வேறொரு வாரியத்தில் உச்சம் 90 என்றும் இருந்தால், அந்த 90ஐ 100க்குச் சமமாக வைத்து, அங்குள்ளவர்கள் மதிப்பெண்ணை அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். அங்கும் ஒருவர் 100 வாங்கியிருந்தால் எதுவும் மாறாது.

இரண்டாம் கணக்கு: மதிப்பெண் விலை, தரவரிசைதான் சரக்கு!

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். "போன வருஷம் இந்த பிராஞ்ச் 192ல் முடிந்தது, என் மகன் 190, ஆகவே கிடைக்காது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

வியாபாரிகளே! போன வருடம் இதே மாதம் வெங்காயம் என்ன விலை விற்றதோ அதே விலைக்கு இந்த வருடமும் விற்கும் என்று எந்த வியாபாரியாவது கொள்முதல் செய்வாரா? வரத்தைப் பார்ப்பார் அல்லவா? மதிப்பெண்ணும் அப்படித்தான். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 190 வாங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். கடினமாக இருந்த ஆண்டில் அதே 190 பெரிய மதிப்பெண்.

ஆதாரம் வேண்டுமா? 200க்கு 200 கட்-ஆஃப் எடுத்தவர்கள் 2023ல் 102 பேர். 2024ல் 65 பேர். 2025ல் 144 பேர்! ஒரே ஆண்டு இடைவெளியில் உச்சியில் நிற்பவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. உச்சியிலேயே இப்படி என்றால் நடுவில் எப்படி இருக்கும்?

எனவே போன ஆண்டின் மதிப்பெண்ணை இந்த ஆண்டு மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள். போன ஆண்டு எத்தனையாவது தரவரிசைக்காரருக்கு அந்த இடம் கிடைத்தது என்று பாருங்கள். அதை உங்கள் பிள்ளையின் இந்த ஆண்டுத் தரவரிசையோடு ஒப்பிடுங்கள். 2025ல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தரவரிசையில் இருந்தார்கள். அண்மை ஆண்டுகளில் இது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வெளியாகிறது. அதில் பொதுத் தரவரிசை ஒன்றும், சமுதாயப் பிரிவுக்குள் எத்தனையாவது இடம் என்ற எண் ஒன்றும் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2021ஆம் ஆண்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். கொரோனாவால் அந்த ஆண்டு ப்ளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அகமதிப்பீடு ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டு விலையை வைத்து வியாபாரம் பேச முடியாது.

மூன்றாம் கணக்கு: நமக்கு எத்தனை வாசல்?

தமிழகத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்டது. அதில் பிற்படுத்தப்பட்டோருக்கு இருந்த 30 சதவீதத்தில், 2007ல் 3.5 சதவீதம் முஸ்லிம்களுக்கெனத் தனியே பிரிக்கப்பட்டது. இதுதான் பி.சி.எம். பிரிவு. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி.

முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். பொதுப் போட்டி என்பது முன்னேறிய சாதிகளுக்கான ஒதுக்கீடு அல்ல! அது எல்லோருக்கும் திறந்த வாசல். நம் பிள்ளை தரவரிசையில் முன்னே நின்றால் பொது இடத்தையே எடுத்துக்கொள்வான். அப்போது பி.சி.எம். இடம் அவனுக்குப் பின்னால் நிற்கும் நம் இன்னொரு பிள்ளைக்கு மிச்சமாகும். 3.5 என்பது நாம் நிற்கும் தரை. தலைக்கு மேல் உள்ள கூரை அல்ல.

இப்போது இடங்களை எண்ணிப் பார்ப்போம். 60 இடம் உள்ள ஒரு பிரிவில் 3.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 2 இடம். 120 இடம் என்றால் 4. பொதுப் போட்டியில் 60க்கு ஏறத்தாழ 18 அல்லது 19 இடம், 120க்கு 37.

"வெறும் 2 இடமா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சின்ன எண்ணில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டே இடம் உள்ள பிரிவில் போன ஆண்டின் கடைசி மதிப்பெண் என்பது ஒரே ஒரு பிள்ளையின் மதிப்பெண். அந்த ஒருவன் மருத்துவத்துக்குப் போயிருந்தால், அல்லது வேறு பிரிவை விரும்பியிருந்தால், கடைசி மதிப்பெண் நன்றாக இறங்கியிருக்கும். அதாவது நம் பிரிவின் கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு ஊஞ்சலாடும். பெரிய ஒதுக்கீடுகளில் இந்த ஆட்டம் குறைவு. ஆகவே ஓரிரு மதிப்பெண் குறைவைக் கண்டு கைவிடாதீர்கள். ஓரிரு மதிப்பெண் கூடுதலைக் கண்டு மெத்தனமாகவும் இருக்காதீர்கள்.

மூன்றாவது வாசலும் உண்டு. 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்குள்ளும் சமுதாய ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. நம் ஊர்களில் பல பிள்ளைகள் உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு "நாங்களும் கவர்மெண்ட் ஸ்கூல்தான்" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்று 5ஆம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதையும் யோசித்துத்தான் அடுத்த பள்ளியை முடிவு செய்ய வேண்டும்.

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கென்று அண்ணா பல்கலைக்கழக வளாகங்களில் தனிப் பிரிவு உண்டு. இது கலந்தாய்வில் வராது. பல்கலைக்கழகத்துக்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமும் கூடுதல். ஆனாலும் அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

நான்காம் கணக்கு: மூன்று கட்டாகப் பிரியுங்கள்

கடந்த மூன்று ஆண்டுகளின் விவரம் சேர்க்கைக் குழுவின் இணையதளத்தில் கிடைக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தச் சமுதாயம், எந்தத் தரவரிசையோடு முடிந்தது என்று பார்த்து மூன்று கட்டாகப் பிரித்து எழுதுங்கள்.

மூன்று ஆண்டும் உங்கள் பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் தரவரிசைக்காரருக்குக் கிடைத்திருக்கிறதா? அது 'நம்பிக்கை'க் கட்டு.

ஒரு ஆண்டு கிடைத்து, ஒரு ஆண்டு கிடைக்காமல் போயிருக்கிறதா? அது 'இழுபறி'க் கட்டு.

மூன்று ஆண்டிலும் உங்கள் பிள்ளைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதா? அது 'ஆசை'க் கட்டு.

டீக்கடையில் "கிடைக்கும்" அல்லது "கிடைக்காது" என்ற இரண்டே பதில்தான் உண்டு. உண்மையான நிலவரத்தில் இந்த மூன்றாவது பதில் இருக்கிறது. இழுபறி! நம் பிள்ளைகளில் பலர் நிற்பது அங்கேதான். முயன்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். முயலாதவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஐந்தாம் கணக்கு: விருப்பப் பட்டியல்

2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. 2019 முதல் இதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. மாணவர் தன் விருப்பங்களை 1, 2, 3 என்று வரிசையாகப் பதிய வேண்டும்.

இந்த இடத்தில் பயம் வேலை செய்கிறது. "பெரிய காலேஜை முதலில் போட்டால் அதுவும் போய், சின்னதும் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார்கள். முழுத் தவறு!

கணினி எப்படி இடம் ஒதுக்குகிறது தெரியுமா? தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கும். அவருடைய முதல் விருப்பத்தில் பொது இடம் இருக்கிறதா? இல்லையென்றால் அவருடைய சமுதாய இடம் இருக்கிறதா? அதுவும் இல்லையென்றால் இரண்டாவது விருப்பத்துக்கு இறங்கும். உங்கள் பிள்ளையின் பத்தாவது விருப்பம் வரை தேடி முடித்த பிறகுதான் அவனுக்குப் பின்னால் நிற்பவரை எடுக்கும். கிண்டியை முதலில் எழுதியதற்காக யாரும் அபராதம் போடுவதில்லை. எழுதாமல் விட்டால்தான் நஷ்டம்!

எனவே ஆசைக் கட்டு மேலே, இழுபறிக் கட்டு நடுவே, நம்பிக்கைக் கட்டு கீழே. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் பிள்ளைக்கு எது அதிகம் பிடிக்கிறதோ அது முதலில். பத்தோடு நிறுத்தாதீர்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் கிடைத்தால் போகவே மாட்டோம் என்கிற கல்லூரியை எழுதாதீர்கள்.

இடம் கிடைத்த பிறகும் எச்சரிக்கை தேவை. 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன்' என்பது போன்ற தெரிவுகள் வரும். குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், அல்லது பணம் கட்டி அறிக்கை செய்யாவிட்டால், கையில் வந்த இடம் ரத்தாகிவிடும். அந்த நாட்களில் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டு இருக்காதீர்கள்.

காகிதம் சரியில்லையென்றால் கணக்கும் சரியில்லை

எவ்வளவு நல்ல தரவரிசை இருந்தாலும், சாதிச் சான்றிதழ் சரியில்லையென்றால் பி.சி.எம். வாசல் திறக்காது. முஸ்லிம் என்றாலே பி.சி.எம். ஆகிவிடாது. அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகள்தான் பட்டியலில் உள்ளன. சான்றிதழில் இந்தப் பெயர் சரியாக இருக்கிறதா, பிள்ளையின் பெயரும் தகப்பனார் பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். "காதர்" ஒன்றில், "காதிர்" இன்னொன்றில் என்றால் கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலைய நேரிடும்.

8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் தேவை. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் வியாபாரம் செய்வோர் கவனிக்க! குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நம் வியாபாரக் குடும்பங்களில் தகுதியுள்ளவர்கள் ஏராளம். வாங்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

அண்மை ஆண்டுகளில் மே மாதமே விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. சான்றிதழ் வேலையை அதற்கு முன்பே, ஜனவரியிலேயே முடித்துவிட வேண்டும்.

ஏஜெண்டிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கும் ஒரு சொல். பணம் கட்டிவிட்ட ஒரே காரணத்துக்காகக் கலந்தாய்வை விட்டுவிடாதீர்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 1000 ரூபாய் கழித்துக்கொண்டு கல்லூரி பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. ஆனால் ரசீது இல்லாமல் ஏஜெண்ட் கையில் கொடுத்த பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது!

படித்து என்ன ஆகப் போகிறது?

"எவ்வளவு படித்தாலும் கடைசியில் கல்லாவில்தானே உட்காரப் போகிறான்" என்கிற பேச்சு இன்னும் நம்மிடம் இருக்கிறது. வியாபாரம் நமக்குப் பெருமை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை கல்லாவில் உட்காருவது அவனுடைய விருப்பமாக இருக்க வேண்டும். வேறு வாசல் தெரியாத காரணத்தால் அது நடக்கக் கூடாது.

2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7 சதவீதம் பேர் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள். முஸ்லிம்களில் 4 சதவீதம்கூட இல்லை. தமிழகத்தில் நாம் 2011 கணக்கின்படி 5.86 சதவீதம், நமக்குள்ள ஒதுக்கீடு 3.5. கூடுதல் கேட்பது நம் உரிமை. கேட்போம். ஆனால் இருக்கிற வாசலில் நுழையாமல் அகலமான வாசல் கேட்கும் குரலுக்கு வலிமை ஏது?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் மகன் வாங்கும் மதிப்பெண்ணைவிட மகள் வாங்கும் மதிப்பெண் கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறோம். ஆனால் மகனுக்கு ஐந்து கணக்கும் போடுகிற தகப்பனார், மகளுக்கு ஒரு கணக்குக்கூடப் போடுவதில்லை. "சென்னைக்கா? ஹாஸ்டலுக்கா?" என்ற கேள்வியோடு பட்டியல் மூடப்படுகிறது. வளாகங்களில் மாணவியர் விடுதி இருக்கிறது. போய்ப் பாருங்கள். நேரில் விசாரியுங்கள். சென்னை வேண்டாம் என்றால் பக்கத்து ஊர் உறுப்புக் கல்லூரியை, அரசுக் கல்லூரியைப் பட்டியலில் மேலே வையுங்கள். விசாரிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

1950களில் இராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு இதே எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1000 ரூபாய் தேவை. அன்று அது பெரும் பணம். சகோதரி ஜொஹ்ரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். அந்தத் தம்பிதான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அன்று அந்த வீட்டில் யாரும் "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று சொல்லவில்லை. கிடைத்ததை விடவும் இல்லை.

ஜமாஅத்துகளே, ஒரு மேசை போடுங்கள்!

நம் முன்னோர் வியாபாரிகள்தாம். 1919ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951ல் சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தது, தோல் மண்டியிலும் துணிக்கடையிலும் சம்பாதித்தவர்கள் அள்ளிக் கொடுத்ததால்தான். அவர்கள் கல்லூரியே கட்டினார்கள். இன்று ஊர் ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது கல்லூரி அல்ல. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர்!

மே முதல் ஆகஸ்ட் வரை, மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம். பள்ளிவாசல் வளாகத்திலோ, மதரஸா அறையிலோ, ஒரு சகோதரர் கடை மாடியிலோ போதும். கலந்தாய்வில் சேர்ந்து இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே உட்காரட்டும். வருகிற மாணவனின் தரவரிசையைக் கேட்டு, மூன்று ஆண்டு விவரத்தைப் பார்த்து, மூன்று கட்டாகப் பிரித்துக் கொடுக்கட்டும். இது வெள்ளிக்கிழமை அறிவிப்பில் இரண்டு நிமிடம். ஒரு பிள்ளைக்கு நாற்பது ஆண்டு வாழ்க்கை.

அன்புத் தம்பியே! ரிசல்ட் வந்தவுடன் மற்றவர் முகத்தைப் பார்க்காதே. உன் மதிப்பெண்ணை நீயே கூட்டு. உன் தரவரிசையை நீயே பார். உன் பட்டியலை நீயே எழுது. முடிவு எதுவாக இருந்தாலும் அது கணக்குப் பார்த்து வந்த முடிவாக இருக்கட்டும்.

வியாபாரப் பெருமக்களே! சரக்கு வந்த அன்று எடை போட்டுப் பார்க்காமல் நீங்கள் ரசீதில் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் பிள்ளையின் வாய்ப்பையும் அதே கையால் எடை போடுங்கள். டீக்கடைத் தராசில் வேண்டாம். அந்தத் தராசு எப்போதும் நமக்குக் குறைத்தே காட்டியிருக்கிறது.

அடுத்த ஜூன் மாதம் எங்கள் ஊரில் அந்த மேசை போடப்பட்டிருக்கும், இன்ஷா அல்லாஹ். உங்கள் ஊரில்?